ரெஃபரன்ஸுக்கு இரண்டு பெயர்

என் சி.வி.யை இதுவரை பத்தொன்பது முறை திருத்தியிருக்கிறேன். பணி ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. பத்தொன்பதும் இந்த எட்டு வருடத்தில்தான். வேலையில் இருந்த முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு சி.வி. தேவைப்படவில்லை. சீக்கிரமே ஓய்வு பெறப்போகும் இரண்டு பேர், காண்ட்ராக்டில் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குப் போவதற்கு சி.வி. எப்படிப் போடுவது என்று என்னிடம் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் நான் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு பேருக்குமே பாதியில் வேறு போன் வந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். எழுத்து பாதியில் எழுந்து போகாது.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். மருந்துக் கம்பெனிக்கோ உரக் கம்பெனிக்கோ ஒரு பெரிய இரும்புக் கலம் செய்கிறார்கள் என்று வையுங்கள். நாங்கள் அதை வெசல் என்போம். செய்பவர் சரியாகச் செய்திருக்கிறாரா என்று பார்க்க, வாங்குபவர் வெளியிலிருந்து ஓர் ஆளை அமர்த்துவார். அந்த ஆளை அனுப்புவது ஒரு ஏஜென்சி. ஏஜென்சி நேரடியாக அனுப்பிவிட முடியாது. வாங்குபவரிடம் சி.வி.யை அனுப்பி, அவர் 'சரி' என்ற பிறகுதான் நாம் ஹெல்மெட்டைத் தலையில் வைக்கலாம். ஒவ்வொரு வாங்குபவருக்கும் ஒரு படிவம். ஒருவருக்கு அனுபவம் மேலே வர வேண்டும், இன்னொருவருக்குக் கீழே. ஒருவருக்குக் கண் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், இன்னொருவருக்கு ஒரு வருடம் போதும். கண் அதே கண்தான், சான்றிதழ் ஐந்து இருக்கிறது.

போன மாதம் வந்தது ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கான வேலை. மூன்று மாதம். தினமும் போய் வரலாம். ஏஜென்சியில் சி.வி.க்களைக் கவனிப்பவள் கவிதா. திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பெண், செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் பேசுவேன். அவளுக்கு எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்துதான் வரும்.

"அங்கிள், ஈ க்ளையண்ட்கு ரெண்டே பேஜ். மீதி பதகொண்டு பேஜ் உந்தி. எவரு சதுவுதாரு?"

என்னுடையது பதினொரு பக்கம் இருக்கிறது, யார் படிப்பார்கள் என்கிறாள்.

"எதை எடுக்கறது, சொல்லும்மா? எல்லாம் செஞ்ச வேலை."

"ஓல்ட் திங்ஸ் எடுத்துடுங்க அங்கிள்."

எடுக்க ஆரம்பித்தால் மிஞ்சுவது என் பெயரும் பிறந்த தேதியும்தான். பிறந்த தேதிதான் அதிலேயே மிகப் பழையது.

எனக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று இருந்தது. பணத்துக்காக இல்லை, பென்ஷன் போதும். ராமச்சந்திராபுரத்தில் டவுன்ஷிப் மதிலுக்கு வெளியே இரண்டு அறை உள்ள வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி சாரதா போய் நான்கு வருடம். மகன் புனேயில், ஞாயிற்றுக்கிழமை பேசுவான். அவன் பிள்ளை போனை வாங்கி, "ஹாய் தாத்தா, பை தாத்தா" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் வாய் திறந்து பேசியதை எண்ணிப் பார்த்தேன். நான்கு வாக்கியம். பால் கடையில் ஒன்று, சிலிண்டர்காரரிடம் ஒன்று, வங்கியிலிருந்து லோன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம் இரண்டு. அந்தப் பெண்ணிடம் இன்னும் ஒன்று பேசியிருக்கலாம், வைத்துவிட்டாள். தொழிற்சாலைத் தளத்தில் அப்படி இல்லை. அங்கே இன்ஸ்பெக்டரை யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

எனவே பதினொரு பக்கத்தை இரண்டாக்க உட்கார்ந்தேன்.

படிப்பும் பயிற்சியும் நான்கு வரி. குடியாத்தத்தில் பள்ளி, வேலூரில் மெக்கானிகல் டிப்ளமோ, ராமச்சந்திராபுரத்தின் பெரிய தொழிற்சாலையில் ஒரு வருடம் பயிற்சியாளன், பிறகு தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. அந்த ஒரு வருடத்தைப் பற்றி இங்கும் அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம், தெலுங்கு வராது, கம்பெனி பஸ்ஸில் எப்போதும் ஜன்னல் ஓரம் கிடைக்காது.

அதற்கு அடுத்து, யாரிடம் வேலை பார்த்தேன் என்று ஒரு கட்டம். எல்லாப் படிவத்திலும் அங்கே ஒரே பெயரைத்தான் எழுதிவந்தேன். ஆரோக்கியசாமி, தலைமை இன்ஸ்பெக்டர்.

அவருடைய அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் சார் பிறந்தார். அவர் தமிழில் பாதி ஹைதராபாத் இருக்கும். உயரமானவர், கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு, கையில் மூன்று செல் டார்ச். நல்ல வெளிச்சத்திலும் டார்ச் இருக்கும். பாராட்டு என்று ஒரு சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் அறிக்கைகளின் கீழே 'ஓகே' என்று எழுத மாட்டார். 'பார்த்தேன்' என்று பொருள்படும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போடுவார். கண்ணால் பார்க்காததன் கீழே அந்தச் சொல்லை எழுத மாட்டார் என்பது தளம் முழுக்கத் தெரியும். நானும் அதையே பழகிக்கொண்டேன். இன்று வரை என் அறிக்கைகளில் 'ஓகே' இல்லை. கவிதாவுக்கு அதில் ஒரு குறை உண்டு.

வெசலில் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பதை அவரிடம்தான் கற்றேன். கலம் நிறையத் தண்ணீர் விட வேண்டும். உச்சியில் ஒரு வாய் திறந்திருக்க, காற்றுக் குமிழி நிற்கும் வரை நிரப்ப வேண்டும். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் சோதனை பொய், வெடித்தால் ஆபத்தும்கூட. பிறகு வாயை மூடி, பம்பில் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. கொஞ்சம் ஏற்றி நிற்க வேண்டும், மறுபடி கொஞ்சம். கலம் வேலையில் தாங்க வேண்டியதைவிட அதிகமாக ஏற்றி, அப்படியே நிறுத்தி, அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அழுத்தத்தைக் குறைத்துவிட்டு ஒவ்வொரு வெல்டிங்கையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

இது புத்தகத்தில் இருப்பது. புத்தகத்தில் இல்லாதது அவர் சேர்த்தது. பம்ப் ஓடுவதற்கு முன்பே எல்லா வெல்டிங்கையும் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, அதன் மேல் சுண்ணாம்புக் குச்சியால் வெள்ளை பூச வைப்பார். முழுக் கலத்துக்கும் பூச ஒரு காலைப்பொழுது போகும். கசிவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் கேஜைச் சுற்றி நிற்பார்கள். அவர் கேஜ் பக்கமே திரும்ப மாட்டார்.

ஒரு தடவை நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன, சினிமாவா ஓடுது அதுல?" என்றார்.

"முள் இறங்குதான்னு பாக்கறேன் சார்."

"முள்ளு இறங்கறதுக்கு ஒரு குடம் தண்ணி போகணும். ஒரு சொட்டு போனா முள்ளுக்குத் தெரியாது. நக்கோ, அதப் பாக்காத. சுண்ணாம்பப் பாரு."

என்னை வேலையில் அவர் அதிகம் திட்டியதில்லை. அதற்காக அருகில் வைத்துக்கொண்டதும் இல்லை. வருடாந்திர மதிப்பீட்டில் எனக்கு எப்போதும் 'திருப்திகரம்' என்று எழுதினார். அதற்கு மேல் இரண்டு படிகள் இருந்தன. ஒரு வருடம்கூட அந்தப் படிகளுக்கு என்னை ஏற்றவில்லை. அதற்குக் காரணம் என்னவென்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு ஒரு மழையில் ஆரம்பித்தது.

சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பெரிய வெசல் ஒன்று, காலாண்டு முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பினால்தான் ஷாப்புக்கு, அதாவது அதைச் செய்யும் பட்டறைக்கு, ஊக்கத்தொகை. டிரெய்லர் வந்து வாசலில் நிற்கிறது. டிரெய்லர்காரர் அதன் நிழலில் படுத்துத் தூங்குகிறார். கடைசிச் சோதனை என்னுடையது.

கலத்தின் பக்கவாட்டில் குழாய் பொருத்தும் வாய்கள் இருக்கும். ஒவ்வொரு வாயைச் சுற்றியும் பலத்துக்காக ஒரு தட்டை வளையம் போல வைத்து வெல்ட் செய்திருப்பார்கள். அதைப் பேட் என்போம். பேடில் ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அடியில் இருக்கும் வெல்டிங் கசிந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். அழுத்தம் ஏற்றி நின்றபோது, கீழ்வரிசையில் ஒரு பேடின் துளையில் ஒரு சொட்டு திரண்டது. நான் அதைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. அதையும் துடைத்தேன். மூன்றாவது வருமா வராதா என்று இருந்தது, வரவில்லை. ஆனால் துளையின் விளிம்பு ஈரமாகவே இருந்தது.

ஷாப் மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், தெலுங்குக்காரர், அன்று வியர்த்துப்போய் இருந்தார்.

"அவி வான நீள்ளு சார்," என்றார். மழைத் தண்ணீர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு நாளுக்கு முன் பெய்த மழையில் கலம் வெளியில்தான் கிடந்தது. துளையை அடைத்து வைக்கவில்லை. பேடுக்கு அடியில் மழைத் தண்ணீர் புகுந்திருக்கும். இப்போது அழுத்தத்தில் கலம் ஒரு மயிரிழை விரிய, அந்தத் தண்ணீர் பிதுங்கியிருக்கும். நடக்கக்கூடியதுதான். அடியில் வெல்டிங் கசிந்திருந்தாலும் இதே ஒரு சொட்டுதான் வந்திருக்கும். இரண்டு தண்ணீருக்கும் ஒரே நிறம்.

மத்தியானம் ஆரோக்கியசாமி சார் வந்தார். வாளியில் உட்காரவில்லை. டார்ச்சைத் துளையில் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீ என்ன பாத்த?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டு சொட்டு சார். இப்ப ஈரம் மட்டும்."

"எந்தத் தண்ணி?"

"தெரியல சார்."

"மழையா இருக்கலாம்ல?"

"இருக்கலாம் சார். உள்ளேருந்தும் இருக்கலாம். தெரியல."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். நான் எதிர்பார்த்தது, அவரே முடிவு சொல்லிவிடுவார் என்று. அவர் அந்தத் துளையையே இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "தெரியலன்னா தெரியலன்னு எழுது" என்று சொல்லிப் போய்விட்டார். நான் எழுதினேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அனுப்பாமல் நிறுத்தி வைக்கவும். அதன் கீழே அவர் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார். டிரெய்லர்காரரை எழுப்பி வெறும் வண்டியோடு அனுப்பினார்கள்.

மறுநாள் துளையில் காற்றடித்துக் காயவைத்து மறுபடி சோதித்தோம். மறுபடி ஈரம். பிறகு வேறு வழி இல்லை, பேடை வெட்டி எடுத்தார்கள். அதற்கு அடியில் இருந்த வெல்டிங்கை சாயம் தடவி, துடைத்து, விரிசல் இருந்தால் தெரியும்படி தூள் பூசிப் பார்த்தோம். ஒரு கோடு இல்லை. சுத்தமான வெல்டிங். பேடின் உள்பக்கம் புதுத் துரு, ஒரு கை அகலத்துக்கு. மழைத் தண்ணீர்தான்.

காலாண்டு போயிற்று, ஊக்கத்தொகை போயிற்று. எனக்கு ஒரு பெயர் வந்தது. வான சார். நான் ஷாப்புக்குள் கால் வைத்தால் கிரேன் மேலிருந்து யாராவது கத்துவார்கள்: "வான சார் ஒச்சிண்டு, கொடுகு திய்யி." மழை சார் வந்துவிட்டார், குடையை எடு. நன்றாக வெயில் அடிக்கும் ஒரு நாளில் உண்மையாகவே ஒருவர் குடையை விரித்து என் பின்னால் நடந்து வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கேண்டீனில் நான் தட்டோடு வந்தால் ஷாப் ஆட்கள் மேஜையில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். அந்த இடைவெளி பிறகு எனக்குப் பழகிவிட்டது. தட்டை அதற்கு நேரே வைத்துச் சாப்பிடுவேன்.

ஆரோக்கியசாமி சார் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருடமும் 'திருப்திகரம்'. நல்ல கலத்தை நிறுத்தி வைத்த ஆள் என்று அவர் மனதில் என்னை ஒதுக்கிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். சி.வி.யில் 'முக்கியச் சாதனைகள்' என்று ஒரு கட்டம் வரும். பத்தொன்பது முறையும் அதில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். இதை எழுதியதில்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்ததை யாரும் சாதனையாக எழுத மாட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு முதல் சி.வி. எழுதியபோது, ரெஃபரன்ஸ் என்ற கட்டம் வந்தது. என் வேலையைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர், பதவி, போன் நம்பர். அவருக்குப் போன் செய்தேன்.

"சார், ரெஃபரன்ஸுக்கு உங்க பேர் போடலாமா?"

"போடு," என்றார். அவ்வளவுதான்.

ஒவ்வொரு தடவையும் கேட்பேன். ஒவ்வொரு தடவையும், போடு. க்ளையண்ட் அவருக்குப் போன் செய்தார்களா, அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எனக்கு வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. 'திருப்திகரம்' என்று சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் அவர் காலமானார். மெட்டுகுடா சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சமயத்திலேயே மற்றவர்களும் போக ஆரம்பித்திருந்தார்கள். இரண்டாவது ரெஃபரன்ஸாக இருந்தவர் மகளோடு கனடா போய் நம்பரை மாற்றிவிட்டார். இன்னொருவரைக் கேட்கலாம் என்று போன் செய்தால், "நீங்க யாரு?" என்றார். சொன்னேன். "அப்படியா, நான் யாரு?" என்றார். அவர் மனைவி போனை வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆக, முப்பத்தெட்டு வருடம் நான் வேலை பார்த்தேன் என்பதற்குச் சாட்சி சொல்ல இந்த ஊரில் ஒருவர்கூட மிச்சமில்லை. ஜீடிமெட்லா படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துக் கவிதா அழைத்தாள்.

"அங்கிள், குட் நியூஸ். ரெஃபரன்ஸ் செக் ஓவர். க்ளையண்ட் வெரி ஹாப்பி."

"யாரு ரெஃபரன்ஸ்? நான் காலியால்ல விட்டேன்?"

"காலியா அனுப்ப முடியாது அங்கிள், சிஸ்டம் எடுக்காது. ஓல்ட் சி.வி.லேருந்து நானே போட்டேன். ஆரோக்கியசாமி சார்."

"அவர் இறந்துட்டாரேம்மா."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம் எவரோ மாட்லாடினாருட்ட அங்கிள்," என்றாள். யாரோ மேடம் பேசினார்களாம்.

அன்று நான் சமைக்கவில்லை. இறந்தவர் பெயரை எழுதி வேலை வாங்க முயன்றவன் என்று க்ளையண்ட் நினைத்தால் இந்த வேலை மட்டுமல்ல, எந்த ஏஜென்சியும் இனி என்னைத் தொடாது. போனில் பேசினால் சரியாக வராது என்று, மறுநாள் கிளம்பினேன். கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை திரும்பி வந்து பார்த்தேன். மியாப்பூர் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ, அமீர்பேட்டையில் மாறி மெட்டுகுடா. ரயிலில் என் பெட்டியில் நின்றிருந்தவர்களில் போனைப் பார்க்காதவர்கள் இரண்டு பேர், நானும் ஒரு கைக்குழந்தையும்.

சாரின் மனைவி ரோசலின் அம்மா கதவைத் திறந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு? வானத் தம்பியா?"

எனக்கு அந்தப் பெயர் இந்த வீட்டுக்குள் இருக்கும் என்று தெரியாது.

"ஆமாம்மா."

"கைக்கு வெளியவே நிக்கிறீங்க, உள்ள வாங்க. ஒரு போன் பண்ணக் கூடாதா, டீயாவது போட்டு வெச்சிருப்பேன்." கைக்கு என்றால் ஏன். சாருடைய தமிழ்தான் அம்மாவுக்கும்.

சாரின் மேஜையில் அவருடைய போன் சார்ஜில் இருந்தது. பக்கத்தில் அந்த டார்ச். பேத்தி ஒருத்தி உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எவரு நானம்மா?" என்று, யார் பாட்டி என்று, கேட்டுவிட்டுப் போனாள்.

"அவர் போன எடுக்கலியாம்மா இன்னும்?"

"கைக்கு எடுக்கணும்? மாசா மாசம் ரீசார்ஜ் பண்றேன். பையன் திட்றான். எனக்கு ஒரு போன் இருக்கு, அதுல பிள்ளைங்க கூப்பிடுதுங்க, ‘அம்மா மாத்திரை போட்டீங்களா'ன்னு. இதுல கூப்பிடறவங்கதான் அவரக் கேப்பாங்க. ஆரோக்கியசாமி சார் இருக்காரான்னு. வேற யாரு கேக்கறாங்க அவர?"

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். க்ளையண்ட் கூப்பிட்டார்களா, அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஹவ், ஆமா, கூப்பிட்டாங்க. நல்லாப் பேசினாரு அந்தப் பையன். அவர் இல்ல, போய்ட்டார், நான் வீட்டுக்காரின்னு முதல்லயே சொல்லிட்டேன். சாரி மேடம்னு வைக்கப் போனாரு. நான்தான் வைக்காதீங்க, எனக்குத் தெரியும், நான் சொல்றேன்னேன்."

"உங்களுக்கு என் வேலையைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"உங்க வேல எனக்கு என்ன தெரியும். அவர் சொல்றது தெரியும். யாரு கேட்டாலும் உங்களப் பத்தி ஒரே கதைதான். இதே நாற்காலில உக்காந்து எத்தன வாட்டி சொல்லியிருக்காரு, நான் அரிசி பொறுக்கிட்டே கேட்டிருக்கேன். அந்த மழைத்தண்ணி கதை. அதையேதான் சொன்னேன்."

எட்டு வருடமாக எனக்கு வேலை கொடுத்தவர்கள் எல்லாம் கேட்டது அந்தக் கதையையா?

"அதுல நான்தானேம்மா தப்பு. வெல்டிங் நல்லாத்தான இருந்தது."

"அது எனக்குத் தெரியாது தம்பி. அன்னிக்குக் காலைலயே அந்த மேனேஜர் இவருக்குப் போன் பண்ணிட்டாராம். இவர் இருந்த இடத்துலேருந்தே, மழைத்தண்ணிதான், அனுப்புன்னு சொல்லிட்டாராம். அப்புறம் வந்து பாத்தா நீங்க தெரியலன்னு நிக்கறீங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடல. ‘நான் பாக்காமயே சொல்லிட்டேன் ரோஸு, அவன் பாத்துட்டும் சொல்லல'ன்னாரு." அம்மா டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே சொல்லுங்க, வெல்டிங் நல்லாத்தான் இருந்துச்சுன்னா அப்புறம் இவருக்கு என்ன கஷ்டம்? ஏன் சாப்பிடல? நான் கேட்டா சொல்ல மாட்டார்."

சார் அன்று வாளியில் உட்காராமல் நின்றதும், மேனேஜர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும், மழையாக இருக்கலாமில்லையா என்று ஒரு தடவை கேட்டதும் வரிசையாக வந்தன. நான் ஆமாம் என்றிருந்தால் அவருக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும். என்னைப் பார்த்தபோதெல்லாம் அவருக்கு அந்தத் துளை ஞாபகம் வந்திருக்கும். அவர் என்னிடம் பேசாததை நான் வேறு கணக்கில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே தளத்தில் இன்னும் பல வருடம் இருந்தோம். ஒரு நாள் அவர் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் நான் கேட்டிருக்கலாம்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

கிளம்பும்போது ரோசலின் அம்மா வாசல் வரை வந்தார். "அந்தப் பையன் மறுபடி கூப்பிடுவானா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா."

"அன்னிக்குக் கூப்பிட்டப்பக் குக்கர் விசில் அடிச்சுது, சரியாப் பேச முடியல. இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் கவிதாவை அழைத்தேன். பேசியது சாரின் மனைவி என்பதை க்ளையண்டுக்கு எழுத்தில் தெரிவித்துவிடச் சொன்னேன். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், மேடமே சொல்லியிருக்கிறார் என்றாள். அடுத்த திங்கட்கிழமை அவளே அழைத்தாள். குரலிலேயே தெரிந்தது.

"அங்கிள், ரெஃபரன்ஸ் எல்லாம் ஃபைன். ஏஜ்தான். சிக்ஸ்டி ஃபைவ் லிமிட் பெட்டாரு."

அறுபத்தைந்து வரைதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்களாம். எனக்கு அறுபத்தெட்டு. இரண்டு பக்கத்தில் அதைச் சுருக்க இடமில்லை.

ஜீடிமெட்லாவுக்கு வேறொருவர் போகிறார். காலை ஆறரைக்கு என் வீட்டுத் தெருவில் கம்பெனி பஸ்கள் போகும். ஜன்னலை மூடிவிட்டுக் காபி போடுகிறேன். அந்த வாரத்தில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், இரண்டு வாக்கியம்.

நேற்று கவிதா வேறொரு க்ளையண்டின் படிவத்தை அனுப்பியிருக்கிறாள். பட்டன்செருவில் ஒரு மாத வேலை. வயது வரம்பு எதுவும் போடவில்லை. கேட்டால் போடுவார்கள், அதனால் கேட்கவில்லை. இது இருபதாவது. ஓய்வு பெறப்போகும் நண்பர்களுக்கு நான் சொல்ல நினைத்ததில் பாதியை மறந்துவிட்டேன். பக்கத்தைக் குறையுங்கள், கண் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். உங்கள் மேலதிகாரி இன்னும் இருந்தால் அவரிடம் கேட்க வேண்டியதை சி.வி. எழுதும் வரை தள்ளிப்போடாதீர்கள்.

'முக்கியச் சாதனைகள்' கட்டத்தில் மழைத்தண்ணீர் வெசலை எழுதியிருக்கிறேன். மூன்று வரி வந்தது. பிறகு ரெஃபரன்ஸ். மெட்டுகுடாவுக்குப் போன் செய்து, "அம்மா, உங்க பேர் போடலாமா?" என்று கேட்டேன். "போடுங்க போடுங்க," என்றார், இரண்டு தடவை. திருமதி ரோசலின் ஆரோக்கியசாமி, மறைந்த தலைமை இன்ஸ்பெக்டரின் மனைவி என்று எழுதினேன். விண்ணப்பதாரரின் வேலையை நேரில் பார்த்தவரா என்ற கேள்விக்கு, இல்லை, கேட்டவர் என்று எழுதினேன். நம்பர் பழைய நம்பர்தான். இரண்டாவது பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

கடைசியில், அவரைத் தொடர்புகொள்ள ஏற்ற நேரம் என்று ஒரு சின்னக் கட்டம். கவிதா வழக்கம்போல அதில் பத்து முதல் ஐந்து வரை என்று நிரப்பி அனுப்பியிருந்தாள். அதை அழித்துவிட்டு, எந்த நேரமும் என்று போட்டேன்.